ஜனங்களுக்கு ரசனை இல்லையாம்!

நாடகம் முடிந்ததும் கலந்துரையாடல். மைக்கைப் பிடித்த இயக்குநர் வழக்கமான புலம்பலை ஆரம்பித்தார். ஜனங்களுக்கு ரசனை போய்விட்டதாம், எல்லாரும் செல்போனிலேயே கிடக்கிறார்களாம். அரங்கில் இருந்த முப்பது பேரும் தலையாட்டினார்கள். அந்த முப்பது பேரையும் எனக்குத் தெரியும். போன நாடகத்துக்கும் அவர்கள்தான் வந்தார்கள், அதற்கு முந்தையதற்கும் அவர்கள்தான். பாதிப் பேர் வேறு குழுவில் நடிப்பவர்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கு முப்பத்தோராவது ஆளாக என் சித்தியை அழைத்துப் போயிருந்தேன். அவர் பார்க்கும் முதல் நாடகம். ஒரு காட்சியில் வாய்விட்டுச் சிரித்தார். முன்வரிசையில் ஒருவர் திரும்பி முறைத்தார், இன்னொருவர் "உஷ்" என்றார். அது சிரிக்க வேண்டிய இடம்தான்! அப்புறம் சித்தி கடைசிவரை வாயைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும், "இது படிச்சவங்க பார்க்கிறது போலடா. இனிமே என்னைக் கூப்பிடாதே" என்றார்.

ரசனை இல்லாதவர் யார், சொல்லுங்கள்.

மூச்சுவிடாமல் பார்ப்பதுதான் நாடக மரபு என்று யார் சொன்னது? 1599-இல் லண்டனில் கட்டிய குளோப் அரங்கில் ஒரு பென்னி கொடுத்தவர்கள் மேடையைச் சுற்றி நின்றே பார்த்தார்கள். கொறித்தார்கள், கத்தினார்கள். ஷேக்ஸ்பியர் அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதினார்.

"அப்படியென்றால் தரத்தைக் குறைக்கச் சொல்கிறாயா?" என்று உடனே பாய்வார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 1951-இல் பாரிஸின் தேசிய மக்கள் அரங்குக்குப் பொறுப்பேற்ற ழான் விலார் என்ன போட்டார்? பழைய பிரெஞ்சு நாடகாசிரியர் கோர்னெயைப் போட்டார், ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டைப் போட்டார். நாடகத்தில் துளி நீர்க்கவில்லை. ஆனால் புறநகரிலிருந்து வரும் தொழிலாளி ராத்திரி வீடு போய்ச் சேர வேண்டுமே என்று காட்சியைச் சீக்கிரம் தொடங்கினார். இருக்கை காட்டுபவருக்கு இனாம் கொடுக்கும் வழக்கத்தை ஒழித்தார். தொழிலாளர் அமைப்புகள் மூலமாக ஆள் சேர்த்தார். பார்த்தவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கருத்துக் கேட்டார். எழுபது வருஷத்துக்கு முன்னால்!

இங்கே போஸ்டரில் கதை என்னவென்று ஒரு வரி இருக்காது. "இருத்தலின் சிதைவு குறித்த உடல்மொழி விசாரணை" என்று போட்டிருக்கும். யாரைக் கூப்பிடுகிறீர்கள்? படியேற முடியாதவர் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். துப்புரவுத் தொழிலாளர்களின் துயரத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் நடிப்பார்கள். அதே அரங்கைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவிடம், "நீங்களும் உட்கார்ந்து பாருங்கள்" என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. இதை என் கண்ணால் பார்த்தேன். அவர் வெளியே துடைப்பத்தோடு காத்துக்கொண்டு நின்றார்.

2011-இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் 'தி லயன் கிங்' நாடகத்தை ஆட்டிசம் உள்ளவர்களுக்கென்றே ஒரு காட்சி போட்டார்கள். சத்தத்தையும் வெளிச்சத்தையும் தணித்தார்கள். எழுந்து போகலாம், வரலாம், குரல் எழுப்பலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். அத்தனை பெரிய நாடகத்துக்கே அது முடிந்தது. நாற்பது நாற்காலி போட்ட இடத்தில் ஒரு பெண்மணி சிரித்தால் கலை கெட்டுவிடுமா?

சரி, மனசு கேட்காமல் அடுத்த நாடகத்துக்கும் சித்தியைக் கூப்பிடலாம் என்று குழுவுக்குப் போன் செய்தேன். எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டேன். "கலைக்கெல்லாம் கடிகாரம் பார்க்க முடியாதுங்க" என்றார்கள். சித்தி காலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்.