‘சைத்’: நல்லவர்கள் சண்டை போடும்வரை நல்ல நாவல்

மூன்று நாளாக ஒரே நாவல் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, எழுதித் தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நீல் ஷஸ்டர்மன் எழுதிய ‘சைத்’. 2016இல் வந்தது, பதின்வயதினருக்கான அறிவியல் புனைவு. கடைசியில் என்ன ஆகிறது என்பதைச் சொல்ல மாட்டேன். ஆனால் நடுவில் நடப்பதில் சிலதைச் சொல்லாமல் குறை சொல்ல முடியாது, எதுவுமே தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

கதையின் காலத்தில் மனிதன் சாவை ஒழித்துவிட்டான். நோய் கிடையாது. வயதாகி அலுத்துப்போனால் உடம்பை மறுபடி இருபதுகளுக்குக் கொண்டுபோய்விடலாம். விபத்தில் செத்தால்கூட உயிர்ப்பிக்கும் மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சில நாளில் எழுப்பி அனுப்பிவிடுகிறார்கள், அதனால் கதாநாயகனின் நண்பன் ஒருவன் பொழுது போகாமல் உயரமான கட்டடங்களிலிருந்து குதித்துச் செத்துச் செத்துப் பிழைக்கிறான். உலகத்தை நடத்துவது ‘தண்டர்ஹெட்’ என்கிற செயற்கை நுண்ணறிவு. நாம் இன்று படங்களையும் கோப்புகளையும் போட்டு வைக்கிற கிளவுட்தான் வளர்ந்து, அறிவு வந்து, இடிமேகமாகிவிட்டது என்பது பெயர்க்காரணம். இந்த மாதிரிக் கதைகளில் கணினி ஆட்சிக்கு வந்தால் நூறு பக்கத்துக்குள் மனிதனை அழிக்கக் கிளம்பிவிடும். இதில் கிளம்பவில்லை. அது நிஜமாகவே நல்லது, நியாயமானது, ஊழல் செய்யாதது. இந்த ஒரு முடிவுக்காகவே ஷஸ்டர்மனுக்குக் கைதட்டலாம்.

சரி, யாரும் சாகாவிட்டால் கூட்டம் தாங்காதே? அதற்காகச் சிலரை நிரந்தரமாகக் கொல்ல வேண்டும். கொல்வதை மட்டும் இயந்திரத்திடம் விடக்கூடாது என்று மனிதர்களே எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள்தான் சைத்துகள். பயிர் அறுக்கும் நீண்ட அரிவாளுக்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். ஆனால் செய்யும் தொழிலுக்கு வைத்திருக்கும் பெயர் அறுவடைகூட இல்லை, ‘க்ளீன்’ (glean) செய்வது, அதாவது அறுத்து முடித்த வயலில் சிந்திக் கிடக்கும் கதிரைப் பொறுக்குவது. கொன்றேன் என்று யாரும் சொல்வதில்லை, பொறுக்கினேன் என்கிறார்கள். செத்தார் என்பதைத் துஞ்சினார் என்று சொல்வது மங்கல வழக்கு என்று இலக்கண வகுப்பில் படித்தோமே, அதே சங்கதிதான். வித்தியாசம் என்னவென்றால் இங்கே மங்கலமாகப் பேசுகிறவன் கையில் கத்தி இருக்கிறது.

ஆண்டுக்கு 260 பேர் என்பது ஒரு சைத்துக்கான கணக்கு. வாரத்துக்கு ஐந்து. பத்துக் கட்டளைகள் உண்டு, முதல் கட்டளையே ‘கொல்வாயாக’. யாரைக் கொல்வது, எப்படிக் கொல்வது என்பது அவரவர் விருப்பம், பாரபட்சம் மட்டும் கூடாது.

நாவலின் உச்சம் இந்த இடம்தான். சிட்ரா, ரோவன் என்று இரண்டு பதினாறு வயதுப் பிள்ளைகள் பயிற்சிக்குச் சேர்கிறார்கள். (சிட்ரா என்று வரும் இடத்திலெல்லாம் சித்ரா என்றே படித்தேன், உங்களுக்கும் அப்படித்தான் ஆகும்.) இருவருக்குமே இந்த வேலை பிடிக்காது, பிடிக்காததால்தான் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அவர்களுடைய குரு ஃபாரடே பழைய காலத்துச் சாவுப் புள்ளிவிவரங்களை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் எந்த வயதில், எந்த மாதிரி வாழ்ந்தவர்கள் எப்படிச் செத்தார்களோ அந்த விகிதத்துக்குப் பொருந்துகிற ஆளைத் தேடுகிறார். பள்ளிக்கூடத்தில் துள்ளிக்கொண்டிருக்கும் விளையாட்டு வீரன்கூட அந்தக் கணக்கில் விழலாம், விழுகிறான். க்யூரி என்கிற மூத்த சைத் வேறு மாதிரி. அவர் தெருவில் நின்று முகங்களைப் பார்ப்பார். வாழ்ந்து முடித்துவிட்டு வெறுமனே நடமாடிக்கொண்டிருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்து, அவருக்கே தெரியாமல் ஒரு நொடியில் முடித்துவிடுவார். அப்புறம் அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டுச் சோறு போட்டு, அவர்கள் அழுவதையும் கேட்பதையும் வாங்கிக்கொள்வார்.

இதில் எது சரி? கணக்கு குருடு, ஆனால் அதற்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது. முகம் பார்ப்பது கருணைதான், ஆனால் உன் முகத்தில் வாழ்க்கை தீர்ந்துவிட்டது என்று சொல்ல க்யூரி யார்? சோர்ந்துபோய் நிற்கிறவனெல்லாம் முடிந்துபோனவனா? பஸ்ஸில் ஜன்னலோரம் என் மூஞ்சி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்த அம்மா பார்த்திருந்தால் நான் காலி. இரண்டு பேருமே நல்லவர்கள், இரண்டு பேருமே ராத்திரி சரியாகத் தூங்காதவர்கள், இரண்டு பேர் சொல்வதும் சரி மாதிரியே இருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் இப்படி ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டு, விடை சொல்லாமல் விடுகிற துணிச்சல் பெரியவர்களுக்கு எழுதுகிறவர்களிலேயே பலருக்குக் கிடையாது.

இதை இப்படியே கொண்டுபோயிருக்கலாம். அங்கேதான் காடர்ட் என்கிற இன்னொரு சைத் வருகிறார்.

கொலையை ரசிக்கிறவர், கூட்டம் கூட்டமாகக் கொல்கிறவர், அங்கியில் வைரம் பதித்துக்கொண்டு அலைகிறவர். அங்கி, மோதிரம், நாட்குறிப்பு தவிர எதுவும் சொந்தமாக இருக்கக்கூடாது என்று கட்டளை இருக்கிறது, வைரம் அங்கியோடு சேர்த்திதானே என்று கிளம்பிவிட்டார். சட்டத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்துக்கொண்டே அதைக் கொன்றுவிடுகிற ஆள், யோசனையாக அருமை. ஆனால் ஆளாகப் பார்த்தால் வில்லன் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறது. அவர் வந்த நிமிஷத்திலிருந்து ஃபாரடேவா க்யூரியா என்ற கேள்வி மறந்துபோய், இந்த ஆள் எப்போது ஒழிவான் என்று பக்கத்தைப் புரட்ட ஆரம்பித்துவிடுகிறோம். வேகம் கூடுகிறது, பரபரவென்று போகிறது, மறுக்கவில்லை. ஆனால் நம்மை யோசிக்கச் சொன்ன புத்தகமே, யோசித்தது போதும், இதோ கெட்டவன், இவனை வெறுத்துக்கொள் என்று விடுமுறை விட்டுவிடுகிறது.

போதாததற்கு, பயிற்சி முடிவில் ஒருவர்தான் சைத் ஆகலாம், ஆகிறவர் மற்றவரைக் கொல்ல வேண்டும் என்று ஒரு நிபந்தனை. இருவரில் ஒருவர்தான் மிஞ்சுவார் என்கிற கதை இந்த வகையில் அலுத்துப்போகும் அளவுக்கு வந்துவிட்டது. அந்த நிபந்தனைக்குக் கனம் வேண்டுமானால் இருவருக்கும் காதல் இருந்தாக வேண்டும், ஆகவே காதல் வருகிறது. எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். இரண்டு மூன்று பார்வை, அவ்வளவுதான்.

இன்னொன்று. அக்கா மகளுக்கு இதைப் படிக்கக் கொடுத்தேன், அவள் இரண்டே நாளில் முடித்துவிட்டு வந்து கேட்டாள், “கூட்டம் அதிகமாகுதுன்னா பிள்ளை பெத்துக்கிறதைக் குறைச்சா போதாதா மாமா, எதுக்கு வெட்டணும்?” என்னிடம் பதில் இல்லை, முதல் பாகத்திலும் சரியான பதில் இல்லை. சாவே இல்லாத உலகத்தில் வீடு, பள்ளிக்கூடம், பரீட்சை எல்லாம் இன்றைக்கு இருப்பது போலவே இருப்பதும் உறுத்துகிறது. முன்னூறு வருஷம் வாழப்போகிறவன் பதினாறு வயதில் அல்ஜீப்ரா வீட்டுப்பாடத்துக்கு எதற்குப் பதற வேண்டும்?

இத்தனை சொன்ன பிறகும் புத்தகத்தை அவளிடமிருந்து திருப்பி வாங்கவில்லை, காரணம் அந்த நாட்குறிப்புகள். ஒவ்வொரு சைத்தும் தினமும் எழுதியாக வேண்டும் என்பது கட்டளை, அத்தியாயங்களுக்கு நடுவே அதிலிருந்து ஒன்றரைப் பக்கம், இரண்டு பக்கம் வருகிறது. கதை ஓடி ஓடி மூச்சு வாங்கும் இடத்தில் க்யூரி வந்து, சாவு போனதோடு மனிதர்களிடமிருந்து வேறு என்னென்ன போயிற்று என்று அமைதியாக யோசிக்கிறார். அமெரிக்காவில் பதின்வயதினர் நூல்களுக்குத் தருகிற மைக்கேல் பிரின்ட்ஸ் விருதின் சிறப்புத் தகுதி 2017இல் இதற்குக் கிடைத்ததற்கு அந்தப் பக்கங்களும் காரணமாக இருந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் பாகத்தின் பெயரே ‘தண்டர்ஹெட்’, 2018இல் வந்தது. அதில் நடுநடுவே பேசுவது சைத்துகள் இல்லை, அந்த இடிமேகம். எல்லாம் தெரிந்தும், சைத்துகள் விஷயத்தில் தலையிடக்கூடாது என்ற விதியால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்று பேசினால் எப்படி இருக்கும்? நாற்பது பக்கம்தான் தாண்டியிருக்கிறேன். காடர்ட் பாணி ஆசாமி யாரும் உள்ளே நுழைந்து இதையும் கெடுத்துவிடாமல் இருக்க வேண்டுமே என்று கொஞ்சம் மெதுவாகவே புரட்டிக்கொண்டிருக்கிறேன்.