பவுமாவுக்கு உழைப்பு போதும் என்கிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்கக் கேப்டனாக தெம்பா பவுமா உலக டெஸ்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப் கோப்பையைத் தூக்கிய படத்தைப் போட்டு "உழைத்தால் யாரும் உயரலாம்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. இதில் பாதிப் பேர் அதற்கு முந்தின வாரம்வரை அவர் உயரத்தை வைத்து மீம் போட்டவர்கள், "கோட்டாவில் வந்த ஆளு", அதாவது கறுப்பினத்தவருக்கான ஒதுக்கீட்டில் வந்தவர் என்று கமெண்டில் எழுதியவர்கள்.

உழைப்பு இல்லை என்று யார் சொன்னது? லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் 282 இலக்கு, பின்னந்தொடை பிடித்துக்கொண்ட காலோடு நொண்டி நொண்டி ஓடி 66 அடித்தார், சக ஆட்டக்காரர் மார்க்ரமோடு சேர்ந்து 147 ஓட்டம். ஜெயித்தது 2025 ஜூன் 14. நம்ம பக்கம் அன்றைக்குத்தான் மீன்பிடித் தடைக்காலத்தின் கடைசி நாள், விசைப்படகில் ஐஸ் ஏற்றுகிற அவசரத்திலும் போனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் பாம்பன்காரர்கள்.

ஆனால் அவர் 2016-லேயே கேப்டவுனில் சதம் அடித்தாயிற்று. தென்னாப்பிரிக்காவுக்காக டெஸ்ட் சதம் அடித்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். அப்புறமும் கோட்டாப் பேச்சு ஓயவில்லை. டெஸ்ட் கேப்டன் ஆனது 2023-ல். அந்த நாட்டு அணியில் கறுப்பின ஆப்பிரிக்கர் ஒருவர் டெஸ்ட் ஆடியதே 1998-ல்தான், மகாயா நிடினி. அதற்கு முந்தின தலைமுறை எல்லாம் சோம்பேறிகளா? நிறவெறிச் சட்டம் ஒழிந்து, அணியில் இத்தனை பேர் இருந்தே ஆகவேண்டும் என்று வாரியம் இலக்கு வைத்த பிறகுதான் அந்த உழைப்பு கண்ணுக்கே தெரிந்தது.

வெஸ்ட் இண்டீஸும் இப்படித்தான். ஜார்ஜ் ஹெட்லி மாதிரி ஒரு ஆட்டக்காரருக்கு 1948-ல் ஒரே ஒரு டெஸ்டில் தலைமை. முழுத் தொடருக்கும் ஒரு கறுப்பரைக் கேப்டனாக்க 1960 ஆயிற்று. ஃபிராங்க் வொரெல் திறமைசாலிதான், சந்தேகமில்லை, ஆனால் டிரினிடாட் எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் பத்திரிகையில் விடாமல் எழுதிக் குடைச்சல் கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? சுழற்பந்து வீச்சாளர் பல்வங்கர் பாலு 1911-ல் இந்திய அணியின் இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். தலித் என்பதால் புனேயில் அவருக்குத் தேநீர் வெளியே, தனி மண்குவளையில். மதவாரியாக அணி பிரித்து ஆடிய பம்பாய் போட்டிகளில் இந்துக்கள் அணிக்கு அத்தனை வருடம் பந்து வீசியும் கேப்டன் பதவி தரவே இல்லை. 1920-ல் அவர் தம்பிகள் ஆடமாட்டோம் என்று வெளியேறினார்கள். அந்தத் தம்பிகளில் ஒருவரான விட்டல் 1923-ல் கேப்டன் ஆனார், கோப்பையும் வந்தது. சண்டை போட்டதால் வந்த பதவி அது.

சரி, நம்ம கரைக்கு வாருங்கள். கபடியில் ரைடு போய் முட்டி பெயர்கிறவன் ஒரு தெரு, கோப்பை வாங்க மேடை ஏறுகிறவன் வேறு தெரு. எனக்குத் தெரிந்த ஒரு கமிட்டியில், ஊர் பேர் வேண்டாம், டீம் சேரும் முன்பே கேப்டன் பெயரை எழுதிவிடுவார்கள். குப்பத்துப் பையன் பெயரைச் சொன்னால் "நல்லா ஆடுவான்ப்பா, ஆனா ஆளுகளை வச்சு நடத்தத் தெரியாது" என்று பதில் வரும். அவன் ராத்திரியோடு ராத்திரியாக நாலு பேரைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், காற்று பார்த்து, எல்லை பார்த்து, அத்தனை பேரையும் விடியும்போது பத்திரமாகக் கரை சேர்க்கிறவன். அவனுக்கு ஏழு பேர் டீமை நடத்தத் தெரியாதாம்! கமிட்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் கீழே வந்து காரணம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.