டூல்டன் சிற்பம் உடைக்கப்படவில்லை

லண்டன் டூல்டன் மண்பாண்ட நிறுவனத்தின் தலைமையகச் சுவரில் இருந்த புடைப்புச் சிற்பம் பற்றி ஒரு தகவல் சுற்றுகிறது. அது கல்லில் செதுக்கி பெயின்ட் அடித்ததாம். 1978-இல் கட்டிடத்தை இடித்தபோது அதுவும் நொறுங்கிப்போனதாம். இரண்டும் தவறு.

கட்டிடம் இடிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் சிற்பத்தை முன்பே பத்திரமாகக் கழற்றி எடுத்துவிட்டார்கள். இன்று அது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அது கல்லும் அல்ல. மண்பாண்டக் கலையின் வரலாற்றைச் சொல்லும் இதை வடிவமைத்தவர் சிற்பி கில்பர்ட் பேய்ஸ். 1939-இல் லண்டன் லாம்பெத் பகுதியில் இருந்த டூல்டனின் தொழிற்சாலையிலேயே ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுட்டால் கல்போல் கெட்டியாகும்) களிமண்ணில் செய்யப்பட்டது. இதுபோன்ற நீளமான சிற்பத்தை ஒரே துண்டாகச் சுட முடியாது. காயும்போதும் சுடும்போதும் களிமண் சுருங்கும், கோணும், வெடிக்கும். அதனால் துண்டு துண்டாகச் சுட்டு, சுவரில் பொருத்தினார்கள். நிறங்களும் பெயின்ட் அல்ல. சூளைச் சூட்டில் உருகி மண்ணோடு ஒட்டிய கிளேஸ், அதாவது கண்ணாடி போன்ற பூச்சு. சிற்பியை மட்டும் புகழ்ந்துவிட்டு அந்தத் தொழிற்சாலைக்காரர்களின் கைவேலையை விட்டுவிடுவது நியாயமில்லை.

அப்புறம், துண்டுகளாக இருந்ததும் அதைக் கழற்றுவதற்கு உதவியது. அந்தப் பழைய தகவலைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.