கழிவறைக்குப் போய்வந்தாலும் ஒரு நன்றி

நன்றியுணர்வு பற்றி யாராவது வகுப்பெடுக்க ஆரம்பித்தால் எனக்கு ஒவ்வாது. தினமும் நாலு நல்ல விஷயத்தை நோட்டில் எழுது, மனசு லேசாகும், தூக்கம் வரும் என்பார்கள். அப்படியானால் நன்றி சொல்வதுகூட நம் சுகத்துக்குத்தானா?

யூத மரபில் அது கடன். மனநிலை எப்படி இருந்தாலும் செலுத்த வேண்டும். பெராகா என்ற துதியைச் சொல்லாமல் எதையும் அனுபவிப்பவன் கடவுளிடமே திருடுகிறான் என்கிறது யூதச் சட்ட விளக்க நூலான தல்மூத். ஒரு நாளைக்கு 100 பெராகா சொல்ல வேண்டும் என்றார் ரபி மெயிர் என்ற பழங்கால யூத அறிஞர். மலைக்க வேண்டாம், மூன்று வேளைத் தொழுகையிலேயே பாதிக்கு மேல் முடிந்துவிடும். மீதிக்கு ரொட்டி, பழம், இடி, வானவில் எல்லாம் இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது கழிவறைக்குப் போய்விட்டு வந்து, கை கழுவியபின் சொல்லும் 'அஷெர் யாத்சார்'. மனிதனை ஞானத்தோடு படைத்து, உடலில் துவாரங்களையும் குழாய்களையும் வைத்தவரே, இவற்றில் ஒன்று அடைபட்டாலோ, திறக்கக் கூடாத ஒன்று திறந்துகொண்டாலோ உம் முன் நிற்க முடியாது என்று போகிறது. சிரிப்பு வருகிறதா? புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பின் டியூபை எடுத்ததும், தானாகச் சிறுநீர் போகிறதா என்று அப்பாவும் நாங்களும் காத்திருந்தோம். அன்று எங்களில் யாருக்கும் இது சிரிப்பாகத் தோன்றியிருக்காது.

இந்த நன்றி கடவுளோடு நின்றுவிடுவதுமில்லை. பென் சோமா என்ற அறிஞர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாராம்: ஒரு வாய் ரொட்டிக்கு ஆதாம் உழுது, விதைத்து, அறுத்து, போரடித்து, தூற்றி, அரைத்து, பிசைந்து, சுட வேண்டியிருந்தது, நான் காலையில் எழுந்தால் எல்லாம் தயாராக இருக்கிறது. ஊர் பேர் தெரியாத உழைப்பாளிகளுக்கு இதைவிடப் பொருத்தமாக யார் நன்றி சொன்னார்கள் என்று தெரியவில்லை.

ஒரே ஒரு இடத்தில் இடிக்கிறது. நல்லதுக்குச் சொல்வதுபோலக் கெட்டதுக்கும் பெராகா சொல் என்கிறது தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னா. கெட்டதை மகிழ்ச்சியோடு ஏற்க வேண்டும் என்று விளக்குகிறார் தல்மூத் அறிஞர் ராவா. என்னால் முடியாது. 'இருப்பதை நினைத்துச் சந்தோஷப்படு' என்று சொல்லியே எத்தனை பேரின் வாயை அடைத்திருக்கிறோம்! ஆனால் சாவுச் செய்தி வந்தால் சொல்லச் சொல்லியிருக்கும் வாசகம் வேறு. நல்ல செய்திக்கு 'நல்லவர், நன்மை செய்பவர்'; சாவுக்கு 'மெய்யான நீதிபதி'. அதில் நன்றி என்ற சொல்லே இல்லை. அந்தமட்டில் சரி.