கிரகணக் கணக்கும் கோயில் வாசலும்

இன்றைய வானியல் கணக்கைத் தழுவும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தின்படி சனி மீன ராசிக்குள் புகுந்த நாள் 2025 மார்ச் 29. பழைய வாய்பாடுகளைத் தழுவும் வாக்கியப் பஞ்சாங்கத்தின்படி அதே பெயர்ச்சி 2026 மார்ச் 6. இடையில் ஏறத்தாழ ஓராண்டு. யாழ்ப்பாணத்தில் இரண்டு பஞ்சாங்கங்களும் விலைபோகின்றன. இரண்டு நாளும் போய் எள்ளெண்ணெய் எரிக்கக்கூடியவர்களையும் எனக்குத் தெரியும். சனி என்ற கோள் வானத்தில் எங்கே நிற்கிறது என்பதைச் சிறிய தொலைநோக்கி ஒன்றே காட்டிவிடும் என்றிருக்க, இந்த முரண் அவர்களில் எவரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. மூடத்தனத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று பகுத்தறிவு பேசும் நண்பர்கள் கேட்கிறார்கள். திருநீறு பூசிக்கொண்டு பௌதிகவியல் படிப்பிக்கிற எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. வீட்டிலுள்ள நோயோ, வெளிநாடு போன பிள்ளையைப் பற்றிய கவலையோதான் அந்த மனிதரைச் சனீஸ்வரன் சந்நிதிக்குக் கூட்டிவந்தது. கோளின் பாகை கலையை அவர் கேட்கவேயில்லை.

எனக்குக் கோபம் வருவது வேறொரு கூட்டத்தார்மேல். சனீஸ்வரன் தலமான திருநள்ளாற்றுக்கு மேலே செய்மதிகள் சில நொடிகள் தரித்து நிற்கின்றன என்றும், நாசா அதைக் கண்டு திகைத்தது என்றும் ஒரு செய்தி ஒவ்வொரு பெயர்ச்சிக்கும் உயிர்த்தெழுந்து வருகிறது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் செய்மதியொன்று நொடிக்கு 7 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் ஓடுவதால்தான் விழாமல் இருக்கிறது. அது தரித்து நின்றால் கீழே விழும். இதை உயர்தர வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். ஜெனீவாவில் உள்ள சேர்ன் என்ற அணுத்துகள் ஆய்வுகூடத்து நடராசர் சிலையையும் இப்படித்தான் விஞ்ஞானச் சான்றாகக் காட்டுகிறார்கள். அது 2004 இல் இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்த சிலை. எந்தப் பரிசோதனையின் முடிவும் அன்று. நாசாவிடம் நற்சான்றுப் பத்திரம் வாங்கினால்தான் ஈசனை நம்பலாம் என்று நினைப்பவர், நாளைக்கு அந்தப் பத்திரம் பொய் என்று தெரியவரும்போது என்ன செய்வார்? நாத்திகர் சமயத்துக்குச் செய்யாத கேட்டை இவர்கள் செய்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இந்த வழக்கு நமக்குப் புதிதன்று. அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் செமினறி என்ற உயர்கல்விக் கூடத்தைத் தொடங்கியபோது, அங்கே வானியல் வெறும் பாடமாக மட்டும் இருக்கவில்லை. நடுவே மேரு மலையும் அதைச் சூழ உப்புக் கடலும் கருப்பஞ்சாற்றுக் கடலும் என்று புராணம் வருணிக்கும் உலகம் தொலைநோக்கியின் முன் நில்லாது, அது விழுந்தால் சைவமும் கூடவே விழும் என்று அதிபர் டானியல் பூர் எதிர்பார்த்தார். 1829 இல் ஒரு சந்திரகிரகணம் அதற்கு வாய்ப்பாக வந்தது. பஞ்சாங்கம் கணித்துவந்த அராலி விசுவநாத சாஸ்திரியார் கணித்திருந்த நேரத்துக்கும் செமினறி கணித்த நேரத்துக்கும் நிமிடக் கணக்கில் வேறுபாடு இருந்தது. கிரகணம் செமினறியின் கணக்குப்படியே வந்தது. சாஸ்திரியார் தோற்றார். ஆனால் அவருடைய கணிதமும் பூமியை உருண்டையாகக் கொண்டு, அதன் நிழலை வைத்துக் கிரகணத்தைக் கணிக்கும் கணிதமே என்பதை வென்றவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. இராகு விழுங்கும் கதையை வைத்து எந்தப் பஞ்சாங்கக்காரரும் நாழிகை குறித்ததில்லை. கணக்கை ஏட்டிலும் கதையைக் கோயிலிலும் வைத்திருந்த ஒரு சமூகத்திடம் போய், உங்கள் கணக்கில் பிழை, ஆகவே கோயிலும் பிழை என்றால் அது எப்படி எடுபடும்? எடுபடவில்லை. செலவுக்கு ஏற்ற அளவில் மதமாற்றம் நிகழவில்லை என்ற குறையும் சேர்ந்தே 1855 இல் செமினறி மூடப்பட்டது. அங்கே படித்த, பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தும், பின்னாளில் சைவரானார்.

நாத்திகம் வெள்ளைக்காரனிடம் இரவல் வாங்கிய சரக்கு என்று நம்மவர் சிலர் சொல்வதும் அறியாமைதான். சைவசித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிற கொள்கைகளை மறுக்கும் பகுதியான பரபக்கத்தை அருணந்தி சிவாசாரியார், கடவுளை மறுத்த உலகாயதரிலிருந்தே தொடங்குகிறார். காட்சி, அதாவது புலன்களால் நேரே அறிவது ஒன்றே அளவை என்னும் அவர்கள் கொள்கையை முதலில் சொல்லிவிட்டுத்தான் மறுக்கிறார். எதிராளியின் கட்சியை முழுதாகச் சொல்லாமல் மறுப்பு எழுதுவதை அந்தக் காலத்துச் சைவர் கௌரவமாகக் கருதவில்லை. இன்று நாம் எழுதுவதோ ‘போடா நாத்திகா’ என்ற அளவில் முடிகிறது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படிப்பித்த தாவரவியல் ஆசிரியர் ஆபிரகாம் கோவூர், ஓர் அற்புதத்தையேனும் மோசடிக்கு இடமில்லாத நிலையில் செய்து காட்டுவோருக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று அறைகூவியவர். 1978 இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை எவரும் வெல்லவில்லை. கண்களையும் உடலையும் தானமாக எழுதிவைத்துவிட்டுப் போனார். சுவாமிமாரை அவர் சோதித்ததால் சைவத்துக்கு என்ன குறை வந்தது? போலிகள் சிலர் குறைந்தார்கள் என்றால் அது கோயிலுக்கும் நல்லதே.

ஆனால் கோவூரின் வழி வந்தவர்களிடம் எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. விஞ்ஞானம் பரவினால் மனிதர் நேராகிவிடுவார்கள் என்று அவர்கள் நம்புகிறார்கள். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் தம்மையும் விடுமாறு சாதியால் ஒடுக்கப்பட்ட மக்கள் வாசலில் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தபோது, அவர்களை மறிக்க முன்னின்றவர் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்டில் கணிதம் பயின்றவர். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் கணிதப் பேராசிரியராக இருந்தவர். தொகையீடும் வகையீடும் அறிந்த அந்த மூளைக்கு வாசலில் நின்ற மனிதர் தன்னைப் போன்றவர் என்பது எட்டவில்லை. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவர்மேல் வழக்கு நடந்தது. வாசலில் இருந்தவர்களோடு நின்றவர்களில் கடவுள் இல்லை என்ற இடதுசாரிகளும் இருந்தார்கள் என்பதை நான் சைவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். உள்ளே போக வேண்டும் என்று இருந்தவர்கள் முருகனைக் கும்பிட விரும்பியவர்கள் என்பதை நாத்திகருக்கும் நினைவூட்ட வேண்டும்.

ஆகவே கடவுள் உண்டா இல்லையா என்று முகநூலில் கிரகணத்தையும் அணுவையும் வைத்து நடக்கும் சண்டையில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. உலகம் எப்படி இயங்குகிறது என்ற கேள்வி வரும்போது சைவர் விஞ்ஞானத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அதில் மான நட்டம் ஒன்றுமில்லை. நாத்திகர் கேட்க வேண்டிய கடினமான கேள்வி செய்மதியைப் பற்றியதன்று. 2018 இல் தென்மராட்சியில் ஒரு கோயில் தேரை மண் அள்ளும் இயந்திரத்தைப் பூட்டி இழுத்த படங்கள் வெளிவந்தன. இன்ன சாதியார் வடம் பிடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்று செய்திகள் எழுதின. அந்த இயந்திரத்துக்குப் பின்னால் கைகூப்பி நடந்தவர்களில் விஞ்ஞானப் பட்டதாரிகளும் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.