ஏர்பேக்கை மட்டும் பழையதில் வாங்காதீர்கள்

பழைய உதிரிபாகம் வாங்கினால் கார் ரிப்பேரில் நிறைய வெள்ளி மிச்சமாகும் என்று உங்கள் கட்டுரை சொல்வது சரிதான். கதவு, பக்கக் கண்ணாடி, பம்பர் இதற்கெல்லாம் நான் கோலாலம்பூரில் கெப்போங் பக்கம் ஹாஃப்கட் கடைகளில்தான் (வெளிநாட்டிலிருந்து பாதியாக வெட்டிக் கொண்டுவந்த பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடைகள்) தேடுவேன். நம் காரின் நிறத்திலேயே கதவு கிடைத்துவிட்டால் சாயச் செலவும் இல்லை.

ஆனால் பழையதில் வாங்கலாம் என்று நீங்கள் தந்த பட்டியலில், மோதும்போது விரிந்து ஆளைக் காக்கும் ஏர்பேக்கையும் சேர்த்திருக்கிறீர்களே, தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ஜப்பானின் தக்காத்தா நிறுவனம் செய்த ஏர்பேக்குகளை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். பையை விரியவைக்க உள்ளே இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் என்ற வேதிப்பொருள் வெப்பத்திலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கெட்டுப்போய், விரியும்போது அதன் உலோகக் கூடே சிதறி ஆளின் மேல் பாய்கிறது. மலேசியாவிலும் உயிர்கள் போயிருக்கின்றன. நம் ஊர் வெயிலும் மழையும் தெரியும்தானே? கழற்றி வைத்த ஏர்பேக் எந்த நிலையில் இருக்கிறது என்று கடைக்காரராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

பிரேக் பேட், டைமிங் பெல்ட்டும் புதிதாகவே வாங்குங்கள். பழைய டயர் என்றால் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. அப்புறம், ஹாஃப்கட் எஞ்சின் மாற்றுபவர்கள் ரசீதும் சுங்கத்துறைப் பத்திரமும் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். புஸ்பாகோம் நிறுவனத்தின் வாகனச் சோதனை, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவு என்று போகும்போது கேட்பார்கள்.