இன்னும் வேலையில் இருக்கும் தூண்கள்

"மத்தியதரைக்கடல் பக்கம் போகலாம்னு இருக்கோம், எந்தத் தீவுக்குப் போறது?" என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார்கள். மூன்று பேரும் கூடவே அனுப்பியது ஒரே மாதிரிப் படம். வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம், கீழே கடல். கிரீஸின் சாண்டோரினி தீவு. மூவரையும் இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போகச் சொன்னேன். ஏன் என்று ஆளாளுக்குத் தட்டச்சு செய்ய முடியாது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் நான் பட்டது. சில வருடங்களுக்கு முன் ஒரு பயண நிறுவனத்தை நம்பி 'எட்டு நாளில் ஐந்து தீவு' என்று கப்பலேறினேன். கப்பல் கரையில் நின்றால் நான்கு மணி நேரம். அதில் பஸ்ஸுக்குக் காத்திருந்தது, கழிப்பறை வரிசை, கொடி பிடித்துப் போனவர் பின்னால் ஓடியது எல்லாம் போக, கிரீட் தீவின் க்னோசோஸ் அரண்மனைக்குக் கிடைத்தது ஐம்பது நிமிடம். கருஞ்சிவப்புத் தூண்களைப் படமாக எடுத்துத் தள்ளினேன். அறைக்கு வந்து படித்தால், 1900இல் அங்கே தோண்டத் தொடங்கிய தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் பின்னாளில் கான்கிரீட் ஊற்றி எழுப்பிய தூண்களாம் அவை. அரண்மனையைக் கட்டிய பழைய மினோவன் நாகரிகக் காலத்துத் தூண்கள் மரத்தால் ஆனவை, எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டன. எவன்ஸைக் குறை சொல்லவில்லை. அங்கேயே எழுதி வைத்திருப்பார்கள். நின்று படிக்க விட்டால்தானே?

அந்தக் கடுப்பில்தான் அடுத்த தடவை ஒரே தீவு, பத்து நாள், நம்மூர் மாதிரி பஸ் பிடித்துப் போவது என்று முடிவெடுத்தேன்.

சிசிலியின் கிழக்குக் கரையில் சிராகுசா. அதன் பழைய நகரம் ஒர்டீஜியா என்ற குட்டித் தீவு, பாலத்தைக் கடந்தால் வந்துவிடும். அதன் நடுவில் ஒரு பேராலயம். முகப்பைப் பார்த்தால் 18ஆம் நூற்றாண்டு, சிற்பமும் சுருளுமாக ஒரே ஆடம்பரம். நான் அதை விட்டுவிட்டு இடது பக்கச் சந்தில் நுழைந்தேன், நிழலுக்காகத்தான். அங்கே ஆலயத்தின் பக்கச் சுவருக்குள் பிரம்மாண்டமான தூண்கள் பாதி புதைந்து நிற்கின்றன. சுவருக்கு முட்டுக் கொடுத்தது போல இருக்கிறது. உண்மையில் தூண்கள்தான் முதலில் வந்தவை. கி.மு. 480இல் சிசிலியின் ஹிமேராவில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜியரை வென்ற கையோடு, சிராகுசாவை ஆண்ட கெலோன் என்ற கிரேக்கன் கட்டிய அத்தீனா தேவியின் கோயில் தூண்கள். பிற்பாடு கிறிஸ்தவர்கள் வந்தபோது கோயிலை இடிக்கவில்லை. தூண்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைச் சுவர் வைத்து அடைத்தார்கள், உள்ளே மூடியிருந்த கருவறைச் சுவரை வளைவு வளைவாக வெட்டித் திறந்தார்கள். திறந்தது மூடியது, மூடியது திறந்தது. பையை உள்புறம் வெளியே திருப்பிப் போட்ட மாதிரி. அவ்வளவுதான், கோயில் தேவாலயமாகிவிட்டது.

878இல் அரபியர் நகரத்தைப் பிடித்தபோது அதே கட்டடம் மசூதி ஆனது. பிரான்ஸின் வடக்கிலிருந்து நார்மானியர் வந்து மறுபடி தேவாலயம். 1693 நிலநடுக்கத்தில் முகப்பு விழுந்தது, அப்புறம் கட்டியதுதான் இப்போதைய ஆடம்பர முகப்பு. தூண்கள் விழவில்லை. உள்ளே போய் ஒரு தூணின் நெடுக்கு வரிகளில் விரலை வைத்துப் பார்த்தேன். கைக்கு எட்டும் உயரம் வரை வழவழவென்று இருக்கிறது, அதற்கு மேலே சொரசொரப்பு. எத்தனை பேர் சாய்ந்திருப்பார்கள்! பக்கத்திலேயே ஒரு பாட்டி அதே தூணில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தார். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக் கல், ஒரு பாட்டியின் முதுகைத் தாங்கிக்கொண்டு இன்னும் வேலையில் இருக்கிறது.

நான் சொல்ல வந்ததே இதுதான். வேலி போட்டு டிக்கெட் கிழிக்கும் இடிபாடுகளை விட, ஆள் புழங்கும் பழசு எனக்குப் பெரிதாகப்படுகிறது. நிறைய இடங்களில் கல்லைக் காப்பாற்றியதே அந்தப் புழக்கம்தான்.

நம்பாவிட்டால் தெற்குக் கரையில் அக்ரிஜெண்டோ போய்ப் பாருங்கள். ஒரே மலைமுகட்டில் வரிசையாகக் கோயில்கள். கான்கார்டியா கோயில் ஏறக்குறைய முழுசாக நிற்கிறது, கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்று சொன்னால் நம்ப முடியாது. காரணம், அதுவும் நெடுங்காலம் தேவாலயமாக இருந்தது. உள்சுவரில் அப்போது வெட்டிய வளைவுகளை இன்றும் பார்க்கலாம். அதே முகட்டில் கிரேக்கக் கடவுள் ஜீயஸுக்குக் கட்டிய கோயில் இதைவிடப் பல மடங்கு பெரிசு. யாரும் பயன்படுத்தவில்லை. விழுந்து கிடந்த கல்லை 18ஆம் நூற்றாண்டில் வண்டி வண்டியாக ஏற்றிப்போய்ப் பக்கத்துத் துறைமுகத்துக்குக் கரை கட்டிவிட்டார்கள். சிராகுசாவின் கிரேக்க அரங்கத்துக்கும் இதே கதைதான். 16ஆம் நூற்றாண்டில் அங்கே ஆண்ட ஸ்பானியர்கள் அதன் கல்லைப் பெயர்த்து ஒர்டீஜியாவுக்குக் கோட்டைச் சுவர் எழுப்பினார்கள். பாறையிலேயே குடைந்த படிகள் மட்டும் தப்பின, ஏனென்றால் அவற்றைத் தூக்க முடியாது. 1914இலிருந்து அந்தப் படிகளில் உட்கார்ந்து மறுபடி கிரேக்க நாடகம் பார்க்கிறார்கள்.

"அப்போ கருவறைச் சுவரை வெட்டினது சரியா?" என்று தொல்லியல் படித்த நண்பன் சண்டைக்கு வந்தான். சரியில்லைதான். இன்று எவனாவது அதைச் செய்தால் நானே போலீஸைக் கூப்பிடுவேன். ஆனால் அன்று வெட்டாமல் விட்டிருந்தால் முழுக் கோயிலும் யாரோ வீட்டுக்கு அஸ்திவாரமாகியிருக்கும். இந்தக் கணக்கு எனக்கு இன்னும் நேராகவில்லை. அவனுக்கும்தான்.

அரங்கத்துக்குப் பக்கத்திலேயே பழைய கல் குவாரிகள் இருக்கின்றன. கி.மு. 413இல் சிராகுசாவிடம் தோற்ற ஏதென்ஸ் படையில் ஏழாயிரத்துக்குக் குறையாத பேரை இந்தக் குழிகளில் அடைத்தார்கள் என்கிறார் அக்காலத்து கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். மேலே கூரை கிடையாது, பகலில் வெயில், இரவில் குளிர், செத்தவர்களும் இருப்பவர்களும் ஒரே குழியில். இப்போது அங்கே எலுமிச்சை மரங்கள். நிழல் அருமை. 'தியோனீசியஸின் காது' என்ற குகை வாசலில் எல்லோரும் கத்தி எதிரொலி கேட்கிறார்கள். நானும் கத்தினேன். வெளியே வந்து அந்த ஏழாயிரம் பேரை நினைத்தபோது கூச்சமாக இருந்தது.

போகிறவர்களுக்கு ஒன்று: ஆகஸ்டில் போகாதீர்கள். 2021 ஆகஸ்டில் சிராகுசா பக்கம் 48.8 டிகிரி பதிவானது, ஐரோப்பாவிலேயே அதுதான் உச்சம். வேலூர்க்காரர்களே தாங்க மாட்டீர்கள். அக்டோபர் நல்லது, கடலிலும் இறங்கலாம்.

கடைசி இரண்டு நாள் பலெர்மோ. ஊரை ஒட்டி பெல்லெக்ரீனோ மலை, அதில் ஒரு குகைக்குள் ஊரின் காவல் புனிதை ரோசாலியாவின் கோயில். 1624இல் கொள்ளை நோய் வந்தபோது அவரது எலும்புகளைக் கண்டெடுத்து ஊர்வலமாகக் கொண்டுபோனதும் நோய் நின்றது என்பது அவர்கள் நம்பிக்கை. அங்கே ஈழத் தமிழர்கள் நிறைய வருவார்கள் என்று படித்திருந்தேன். ஆனாலும் வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நெற்றியில் குங்குமத்தோடு உள்ளே போன அக்காவைப் பார்த்ததும் என்னையறியாமல் நானும் குனிந்து ஷூவைக் கழற்றிவிட்டேன். இத்தாலியர்கள் எல்லோரும் செருப்புக் காலோடுதான் நின்றார்கள்.

"தம்பி தமிழோ? எவடம்?"

"சென்னை அக்கா."

"நாங்கள் பருத்தித்துறை. இஞ்ச வந்து கனகாலம். ஞாயிறு எண்டால் கீழ இருந்து நடந்துதான் ஏறுவம்."

"நீங்க கிறிஸ்டியனா?"

"இல்லைத் தம்பி, சைவம்."

நான் ஒரு நொடி சாப்பாட்டைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்து, மதிய உணவுக்கு நல்ல இடம் கேட்க வாயெடுத்துவிட்டேன். நல்லவேளை, அதற்குள் அவர் திரும்பிக் கண்ணாடிக்குள் படுத்திருந்த ரோசாலியா சிலையைக் கும்பிடத் தொடங்கிவிட்டார்.

குகைக் கூரையில் நீர் கசிந்துகொண்டே இருக்கிறது. அது ஆள்மேல் விழாமலிருக்கக் குறுக்கும் நெடுக்குமாகத் தகரப் பீலிகள் பொருத்தியிருக்கிறார்கள். அப்படியும் ஒரு சொட்டு தப்பி என் உச்சியில் விழுந்தது. சில்லென்று இருந்தது. கைக்குட்டையை எடுத்தேன்.

"துடைக்காதேங்கோ தம்பி," என்றார் அக்கா. "அது தீர்த்தமெல்லோ."